ஏகமனதாக வெட்டிய ஆற்றுவாய்

என் மச்சான் கொழும்புக்கு எஞ்சினியர் படிக்கப் போய்ப் பதினைந்தாம் நாள் வந்த முதல் கடிதத்தில் அவனுடைய இலட்சியங்கள் ஐந்து இருந்தன. இலக்கம் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்திருந்தான். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. கடிதத்தை வாசித்தவன் நான். கேட்டவர்கள் மாமியும் என் மனைவியும், வேலிக்கு அந்தப் பக்கம் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு நின்ற இரண்டு பெண்களும்.

ஒன்று, முதலாம் வருஷப் பரீட்சையில் முதலாவதாக வருவது. இரண்டு, ஆங்கிலத்திலேயே சிந்திக்கப் பழகுவது. மூன்று, கல்லூரியின் பொதுவாழ்வில் முழுமனதோடு ஈடுபடுவது. நான்கு, தேகாப்பியாசம். ஐந்து, கற்ற அறிவைப் பிறந்த மண்ணுக்குத் திருப்பிக் கொடுப்பது.

"அஞ்சாவது என்ன மனே?" என்று மாமி கேட்டா.

"படிச்சு முடிச்சு ஊருக்கு நல்லது செய்யப்போறாராம், மாமி."

"மறுகா, வேற என்ன? சாப்பாடு எப்படியாம்?"

சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் கையெழுத்து மட்டும் இருந்தது. மாமியின் முகத்தைப் பார்த்தேன். "நல்ல சாப்பாடாம். மீனும் சோறும் வயிறு நிறையக் குடுக்கிறாங்களாம்" என்று வாசித்தேன். எழுதாததை வாசிக்கிற பழக்கம் எனக்கு அன்றைக்குத்தான் தொடங்கியது. அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் யோசிக்கிற எனக்கு அது மட்டும் எப்படித் தவறியது என்று தெரியவில்லை.

யோசிப்பதுதான் என் முழுநேரத் தொழில். ஏழாம் வகுப்புப் பரீட்சையன்று காலையில் வயிற்றைப் புரட்டி, பள்ளிக்கூட வாசலிலேயே வாந்தி எடுத்தேன். அடுத்த நாள் போனால் எல்லாரும் அதைச் சொல்லிச் சிரிப்பார்களே என்று போகவில்லை. அதற்கடுத்த நாள், நேற்று ஏன் வரவில்லை என்று கேட்பார்களே என்று போகவில்லை. இப்படியே என் படிப்பு முடிந்தது. மிஞ்சியது கையெழுத்து ஒன்றுதான். அது அழகாக இருக்கும். எழுதுவதற்குத்தான் ஒன்றும் இருக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண்தான் மனைவி வீட்டுக்குப் போவான். வீடு அவளுடையது, வளவு அவளுடையது, கிணற்றடித் தென்னை அவளுடையது. வயலும் அவளுடைய சீதனம்தான். நான் கொண்டுவந்தது இரண்டு வேட்டியும் என் பயமும். அந்த வயல் பொழுது படுகிற பக்கமான படுவான்கரையில், ஆற்றோரமாக, வட்டை என்கிற வயல்வெளி முழுவதிலும் மிகப் பள்ளமான துண்டு. ஊர் வயலெல்லாம் காய்ந்து கிடக்கும் காலத்தில் எங்கள் துண்டில் ஈரம் இருக்கும். ஊர் வயலெல்லாம் நனையும் காலத்தில் எங்கள் துண்டில் மீன் ஓடும். அந்த நெல்லில்தான் வீடு சாப்பிட்டது, மச்சானும் கொழும்பில் படித்தான். பயிர் அழுகினால் மாமி ஒன்றும் சொல்லமாட்டா. சோறு போடும்போது அகப்பையைக் கொஞ்சம் மெதுவாக வைப்பா. அதை நினைத்தாலே எனக்கு வேர்க்கும்.

அதனால் வரம்போரம் ஒரு கம்பு நட்டிருந்தேன். அதில் கத்தியால் மூன்று வெட்டு. முதல் வெட்டுக்குத் தண்ணீர் வந்தால் எனக்குச் சோறு இறங்காது. இரண்டாவதுக்கு வந்தால் நித்திரை வராது. மூன்றாவதுக்கு வந்து மூன்று நாள் நின்றால் பயிர் இல்லை. ஊரில் அதற்கு "பயந்தான் கம்பு" என்று பெயர். ஆடு மேய்க்கிறவர்கள் கூட "பயந்தான் கம்படியில நில்லு, வாறன்" என்றுதான் ஒருவருக்கொருவர் சொல்வார்கள்.

மச்சானின் கடிதங்கள் மாதத்துக்கு இரண்டு வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சங்கம் கூடியது. முதலில் விவாதச் சங்கத்தில் சேர்ந்தான். பிறகு தமிழ் மாணவர் சங்கத்தில் செக்கரட்டரி ஆனான். பிறகு நாடகக் குழு. பிறகு விடுதிச் சாப்பாட்டைக் கண்காணிக்கும் கொமிட்டி. "சாப்பாட்டுக்கு ஒரு கொமிட்டியாம் மாமி, அதில இவர்தான் தலைவராம்" என்று வாசித்தபோது மாமிக்குக் கண் கலங்கியது. அந்தக் கொமிட்டி ஏன் வேண்டியிருந்தது என்று அவ கேட்கவில்லை. நான் முதல் கடிதத்தில் வாசித்த மீனையும் சோற்றையும் நினைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனேன்.

ஐப்பசியில் வந்த கடிதம் நான்கு பக்கம். அதில் விவாதச் சங்கத்துக்கும் அடுத்த கல்லூரிக்கும் நடந்த போட்டி இரண்டு பக்கம், "யந்திரம் மனிதனை விடுதலை செய்யுமா" என்ற விஷயத்தில் அவன் பேசியது ஒரு பக்கம், டென்னிஸ் அரைப் பக்கம். மிச்சத்தில், நில அளவைச் செய்முறை வகுப்பன்று நாடக ஒத்திகை வந்துவிட்டபடியால் அடுத்த தவணையில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தது. அந்த வரிகளை நான் வாசிக்கவில்லை.

என் மனைவிக்கு எழுத்துத் தெரியும். ஆனால் மருமகன் வீட்டில் இருக்கும்போது மகள் கடிதம் வாசித்தால் மருமகனுக்குக் குறைவு என்று மாமி நினைத்ததால், அவள் வாசிக்கத் தெரியாதவள் போலக் கேட்டுக்கொண்டிருப்பாள். அன்றைக்குக் கடிதத்தை மடித்து அலுமாரியில் வைக்கப் போனவள் திரும்பி வந்து, "கடைசிப் பக்கத்தில நாலு வரிய விழுங்கிட்டீங்க" என்றாள்.

"உங்கட அம்மாவுக்கு அது விளங்காது."

"எனக்கு விளங்கிச்சு. அளக்கப் படிக்கல்லியாம், நடிக்கப் படிச்சிருக்கானாம்."

கார்த்திகை கடைசியில் மழை பிடித்தது. மட்டக்களப்பு வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். அது கடலோடு சேருகிற இடத்தை வருஷத்தில் பாதிநாள் மணல் அடைத்திருக்கும். அதுதான் ஆற்றுவாய். மாரியில் ஆறு நிரம்பி வட்டைக்குள் ஏறும்போது அந்த மணல்திட்டை மண்வெட்டியால் வெட்டிவிட வேணும். ஒரு ஆள் படுக்கிற அகலத்துக்கு வெட்டினால் போதும், மிச்சத்தைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். பிந்தி வெட்டினால் பயிர் அழுகும். முந்தி வெட்டினால் ஆற்றிலிருக்கும் இறாலெல்லாம் கடலுக்கு ஓடிவிடும், வலைபோடுகிறவர்கள் பட்டினி கிடப்பார்கள். அதோடு தண்ணீரில் வேகம் போதாமல் கடல் மணலைத் தள்ளி வாயை மறுபடி மூடிவிடும். ஆகவே எந்த நாளில் வெட்டினாலும் யாரோ ஒருவர் வட்டை விதானையாரைத் திட்டுவார். வயலுக்கும் தண்ணீருக்குமாக அரசாங்கம் வைத்த தலைவர் அவர். வருஷா வருஷம் ஒரு நாளைக் குறித்து, பறை அடிப்பித்து, வெட்டி முடித்து, அடுத்த மாரி வரைக்கும் திட்டு வாங்குவார்.

தண்ணீர் முதல் வெட்டுக்கு வந்த அன்று அவர் வீட்டுக்குப் போனேன்.

"விதானையார், தண்ணி ஏறுது."

"உன்ட கம்பில எந்த வருஷம்டா தண்ணி ஏறல்ல? போன வருஷம் ஆவணியில வந்து அழுதாய். ஆவணியில!"

அது உண்மை. அன்றைக்கு ஒரு எருமை கம்படியில் படுத்ததில் குட்டைத் தண்ணீர் கம்பில் ஏறியிருந்தது. நான் அதை வெள்ளமென்று நினைத்துவிட்டேன்.

இந்த நேரத்தில்தான் மச்சான் கிறிஸ்மஸ் விடுமுறைக்கு வந்து சேர்ந்தான். றெயிலில் மட்டக்களப்புக்கு வந்து, அங்கிருந்து வலைக்காரர் ஒருவரின் தோணியில் எங்கள் கரைக்கு வந்தான். தொப்பி, சப்பாத்து, சுருட்டிய படத்தாள்கள், டென்னிஸ் மட்டை, அளவு நாடா ஒன்று. தோணியிலிருந்து இறங்கும்போது மட்டையைத்தான் நனையாமல் உயர்த்திப் பிடித்தான். பெட்டி நனைந்தது. மாமி அவன் கன்னத்தைத் தடவிப் பார்த்து ஒப்பாரி வைக்கத் தொடங்கினா.

"எலும்பாப் போயிட்டியே மனே! வயிறு நிறைய மீனும் சோறும் குடுக்கிறாங்களெண்டு எழுதினியே!"

"நான் எப்ப அப்படி எழுதின?" என்று அவன் என்னைப் பார்த்தான்.

நான் மாட்டைப் பார்க்கப் போய்விட்டேன்.

எஞ்சினியர் வந்திட்டார் என்று ஊர் முழுக்கப் பேச்சு. ஆடியில் போனவன் மார்கழியில் எஞ்சினியர். விதானையாரே வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்து, வெற்றிலை போட்டு, "தம்பி, நீங்க படிச்சவர். ஆத்துவாய எப்ப வெட்டலாம்?" என்று கேட்டார். என்னிடம் ஒருநாளும் கேட்காத கேள்வி அது.

மச்சான் சிறிது நேரம் கூரையைப் பார்த்தான். ஆங்கிலத்தில் சிந்திக்கிறான் என்று நினைத்தேன். பிறகு சொன்னான்: "இதை ஒரு ஆள் தீர்மானிக்கிறது பிழை. வயல்காரர், வலைக்காரர், எல்லாரும் சேர்ந்த ஒரு சங்கம் வேணும். கூட்டம் போட்டு, தீர்மானம் நிறைவேற்றி, எழுத்தில தரவேணும்."

விதானையாரின் முகம் மலர்ந்ததை நான் வாழ்நாளில் மறக்கமாட்டேன். இருபது வருஷமாகத் தனியே வாங்கிய திட்டையெல்லாம் பங்குபோட ஒரு வழி பிறந்துவிட்டது. "எழுத்தில தந்தா நான் அடுத்த நாளே வெட்டுவன். அரசாங்கக் கச்சேரியில கேட்டாலும் காட்டலாம். எழுத்தில இல்லாட்டி மண்வெட்டிய தொடமாட்டன்" என்றார். அந்தச் சொல்லோடு என் வயல் ஒரு கொப்பிக்குள் போய்விட்டது.

சங்கக் குறிப்பு எழுதும் கொப்பி காத்தான்குடிக் கடையில் வாங்கியது, நீலக் கரை போட்ட நோட்டு. முதல் கூட்டம் விடுமுறைக்கு மூடியிருந்த பள்ளிக்கூடத்தில், மத்தியானத்துக்குப் பிறகு. பென்சன் எடுத்த வாத்தியார் தலைவர். மச்சான் செக்கரட்டரி. வலைக்காரர்கள் சார்பில், அவனைத் தோணியில் ஏற்றிவந்த அதே மனிதர். கூட்டக் குறிப்பு எழுத யாருடைய கையெழுத்து நன்றாக இருக்கும் என்ற கேள்வி வந்தபோது மச்சான் என் பக்கம் கை காட்டினான். நான் வாந்தி எடுத்த அதே பள்ளிக்கூடத்தில், என் பழைய வகுப்பு வாங்கில் உட்கார்ந்து, சங்கத்தின் பெயர் என்ன என்பதைப் பற்றி அன்று பொழுது சாயும்வரை நடந்த வாதத்தை எழுதினேன். "மட்டக்களப்பு வாவி முகத்துவார நீர்ப் பரிபாலன சங்கம்" என்று முடிவானது. "நீர்" என்ற சொல் வேணுமா என்று அரைமணி நேரம் பேசினார்கள். கூரை ஒழுகி அந்தப் பக்கத்தில் மை பரவிய அடையாளம் இப்போதும் இருக்கிறது.

வீட்டுக்குப் போகும் வழியில் கம்பைப் பார்த்தேன். இரண்டாவது வெட்டுக்கு நான்கு விரல் இருந்தது.

இரண்டாம் கூட்டம் நான்கு நாள் கழித்து. இடையில் மச்சான் அளவு நாடாவோடும் தொப்பியோடும் ஆற்றுவாய்க்குப் போய், மணல்திட்டின் நீளமும் அகலமும் எடுத்து, படம் வரைந்து வண்ணமும் தீட்டியிருந்தான். கடலுக்கு நீலம், ஆற்றுக்குப் பச்சை, மணலுக்கு மஞ்சள். நல்ல படம், பொய் சொல்லக்கூடாது. அதைக் கரும்பலகையில் குத்திவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, விவாதச் சங்கத்தில் நிற்பதுபோல நின்று பேசினான். முக்கால் மணி நேரம். யந்திரம் மனிதனை விடுதலை செய்யும் என்ற இடத்தில் வாத்தியார் கை தட்டினார்.

பிறகு வலைக்காரர் எழும்பினார். கறுத்து மெலிந்த, சத்தம் போட்டுப் பேசாத மனிதர்.

"தம்பி, ஆத்துத் தண்ணிக்கும் கடல் தண்ணிக்கும் எவ்வளவு உயர வித்தியாசம்?"

"அதுக்கு லெவல் பார்க்கிற கருவி வேணும்."

"அது எங்க இருக்கு?"

"கல்லூரியில."

"நீங்க அதால பாத்திருக்கீங்களா?"

"கண்டிருக்கிறன்."

வலைக்காரர் திரும்பவும் வாங்கில் இருந்துவிட்டார். சிரிக்கவில்லை. பிறகு இருந்தபடியே சொன்னார்: "இப்பதான் இறால் கூடிவருது. இன்னும் அஞ்சாறு நாள் பொறுங்க. நாங்களும் புள்ள குட்டிக்காரர். அதுக்குப் பிறகு வெட்டினா நானும் மண்வெட்டியோட வாறன்."

நியாயமான பேச்சு. அந்தக் கூட்டத்தில் பேசப்பட்ட ஒரே நியாயமான பேச்சு அதுதான். என் கம்புக்கு ஐந்தாறு நாள் இருக்கவில்லை என்பதுதான் தொல்லை. எழும்பி அதைச் சொல்லவேணும் என்று நினைத்தேன். எழும்பினேன். எல்லாரும் திரும்பினார்கள். "மை முடிஞ்சுபோச்சு" என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டேன். மை இருந்தது.

மச்சான் தன் பிரேரணையை முன்வைத்தான். வாத்தியார் அதற்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார். மச்சான் அந்தத் திருத்தத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தான். எல்லாவற்றையும் ஒரு உபகொமிட்டிக்கு அனுப்புவதென்று கூட்டம் கலைந்தது. உபகொமிட்டியில் மச்சானும் வாத்தியாரும்தான்.

அடுத்த நாள் விடிய வயலுக்குப் போனேன். இரண்டாம் வெட்டு தண்ணீருக்குள். பள்ளப்பக்கத்தில் பயிரின் நுனி மட்டும் தெரிந்தது, நிறைய ஊசிகளைத் தண்ணீரில் குத்திவைத்த மாதிரி. நான் வரம்பில் குந்தியிருந்தேன். என்ன செய்வதென்று தெரியாதபோது நான் குந்துவேன். மனைவி தேடிக்கொண்டு வந்தாள், சேலையை முழங்காலுக்குச் செருகிக்கொண்டு.

"தம்பிக்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னன். ஒழுங்குமுறை இருக்காம். விதிப்படி நடக்கவேணுமாம்."

"விதானையார்?"

"எழுத்தில வேணுமாம்."

அவள் வயலைப் பார்த்தாள். அவளுடைய வயல். தாயிடமிருந்து அவளுக்கு, இனி எங்கள் மகளுக்கு.

"கொப்பி ஆருக்கிட்ட இருக்கு?"

"எனக்கிட்ட."

"எழுதுறது ஆர்?"

"நான்."

"கடிதத்தில இல்லாத மீனும் சோறும் வாசிச்ச ஆள்தானே நீங்க" என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்கு நடந்தாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மூன்றாம் கூட்டம் அன்று பின்னேரமே வைத்தார்கள். வலைக்காரரும் வந்திருந்தார். நிகழ்ச்சி நிரலில் முதலாவது, சங்கத்துக்கு ஒரு இலச்சினை. இரண்டாவது, ஆண்டுவிழா. மூன்றாவது, ஆற்றுவாய். இலச்சினையில் மீன் இருப்பதா நெற்கதிர் இருப்பதா என்ற வாதம் தொடங்கி, எங்கள் வாவிக்குப் பேர்போன பாடும் மீன் என்றால் அது எந்தப் பக்கம் பார்க்கவேணும் என்பதில் நின்றது. மச்சான் கரும்பலகையில் மீனை வரைந்தான், அழித்தான், வரைந்தான். வலைக்காரர் அதைப் பார்த்து, "அந்த மீனுக்குச் செட்டை பிழை" என்று ஒருதரம் சொன்னார். மூன்றாவதுக்கு வர நேரம் போதவில்லை. மிச்சத்தை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பதாக வாத்தியார் சொன்னார்.

நான் எழுதினேன். என் கையெழுத்து அன்றைக்குப்போல ஒருநாளும் அழகாக இருந்ததில்லை. "நாளைக் காலை, கடல் வற்றியிருக்கும் வேளையில் ஆற்றுவாயை வெட்டும்படி வட்டை விதானையாரைக் கேட்டுக்கொள்வதெனத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது." ஏகமனதாக என்று ஏன் எழுதினேன் என்று பலதரம் யோசித்திருக்கிறேன். பெரும்பான்மையாக என்று எழுதியிருந்தாலும் விதானையாருக்குப் போதும். பொய்யைக் கொஞ்சமாகச் சொன்னால் பிடிபட்டுவிடுவோம் என்ற பயம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

தலைவர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். செக்கரட்டரி கையெழுத்துப் போட முன்பு வேறொரு தாளில் இரண்டுதரம் போட்டுப் பழகினான். பிறகு கொப்பியில், வால் நீட்டி, வாலுக்குக் கீழே இரண்டு புள்ளி வைத்துப் போட்டான். மேலே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. கையெழுத்து நன்றாக வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தான்.

நேரே விதானையார் வீட்டுக்கு ஓடினேன். அவர் ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். "ஏகமனதா? வலைக்காரரும் ஓமெண்டாரா?"

"எழுத்தில இருக்கு" என்றேன். அது பொய்யில்லை.

"அப்ப சரி" என்றார். பறை அடிக்கிற சத்தம் கேட்டபோது நான் வேலியோரம் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.

காலையில் ஆற்றுவாயில் எழுபது எண்பது பேர். வழக்கப்படி காணிக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு மண்வெட்டி. மச்சான் தொப்பியோடு வந்து என்னைத் தனியே இழுத்தான்.

"மச்சான், இது எப்ப நிறைவேறின?"

நான் பதில் தேடுவதற்குள் நாலு பேர் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். "எஞ்சினியர் தம்பி, நல்ல நேரத்தில முடிவெடுத்தீங்க! இல்லாட்டி எங்கட வட்டையும் போயிருக்கும்." அவன் அவர்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "விஞ்ஞானபூர்வமா அணுகினா இப்படித்தான்" என்றான். எங்கே வெட்டவேணும் என்று கையை நீட்டிக் காட்டினான். வெட்டுகிறவர்கள் ஏற்கெனவே வேறோர் இடத்தில், வருஷா வருஷம் வெட்டுகிற இடத்தில், முழங்கால் ஆழத்துக்கு வெட்டியிருந்தார்கள். நானும் வெட்டினேன். தண்ணீர் முதலில் நூல்போல ஓடியது, பிறகு கரை இரண்டு பக்கமும் பாளம் பாளமாக விழுந்தது. எல்லாரும் கூவிக்கொண்டு பின்னுக்கு ஓடினார்கள். எஞ்சினியரின் தொப்பி கடலுக்குப் போனது.

கூட்டத்துக்கு வெளியே, மண்வெட்டி இல்லாமல், வலைக்காரர் நின்றார். என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். கிட்ட வந்து, நிதானமாகக் கேட்டார்:

"நான் கை தூக்கல்லியே மகன். ஏகமனதெண்டு எப்படி எழுதின?"

அவர் சத்தம் போட்டிருந்தால் நான் அழுதிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. பதிலுக்கு நின்றார். நான் தண்ணீரைப் பார்த்தேன். அவர் போய்விட்டார். அந்தப் பருவத்து இறாலும் போய்விட்டது.

பள்ளப்பக்கத்தில் கால்வாசி அழுகியது. மிச்சம் நிமிர்ந்தது. மாசியில் கதிர் வெட்டிச் சூடடித்தபோது வீட்டுக்கும் மச்சானுக்கும் போதுமான நெல் இருந்தது. மாமியின் அகப்பை வழக்கம்போலச் சத்தத்தோடு விழுந்தது. அந்தச் சத்தத்தில் எனக்குச் சோறு இறங்கியது.

அறுவடை முடிய மச்சானின் கடிதம் வந்தது. கல்லூரி எஞ்சினியர் மாணவர் சங்கத்தில் "நான் ஒரு வாவியின் வாயைத் திறந்த வரலாறு" என்று பேசியிருக்கிறான். வண்ணப்படத்தைத் திரையில் போட்டுக் காட்டினானாம். நன்றியுரை சொன்ன பேராசிரியர் அவன் தோளில் தட்டினாராம். அடுத்த வருஷத்துக்குச் சங்கத் தலைவராக அவனைப் பிரேரித்திருக்கிறார்களாம். பேச்சைத் தயாரித்த வேலையில் நில அளவைத் தவணைப் பரீட்சைக்குப் போக முடியவில்லை, இந்த முதலாம் வருஷத்தைத் திரும்பவும் படிப்பது நல்லது என்று தோன்றுகிறது, ஏனெனில் அடிப்படை பலமாக இருக்கவேணும். இலட்சியங்கள் ஐந்தும் அப்படியே இருக்கின்றன. ஐந்தாவது மட்டும் நிறைவேறிவிட்டது.

"திரும்பவும் படிக்கிறதெண்டா என்ன மனே?" என்று மாமி கேட்டா.

"அவ்வளவு நல்லாப் படிக்கிறாராம் மாமி. ஒருக்காப் படிச்சது போதாதாம்."

மனைவி அடுப்படியில் எதையோ கீழே போட்டாள்.

அந்த வாரம் ஒரு நாள் பின்னேரம் ஒரு சாக்கில் புதுநெல் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு கரைக்குப் போனேன். வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போனேன். நெல் மனைவியுடையது. "கொண்டுபோங்க" என்றாள், ஆருக்கென்று கேட்கவில்லை. வழி முழுக்க என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். மன்னிக்கவேணும் என்று தொடங்கினால் எதற்கு என்று கேட்பார். வயல் என்று தொடங்கினால் வலை என்பார். ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டு ஓடினால் நெல் எங்கிருந்து வந்தது என்று தேடுவார்.

வலைக்காரர் குடிசை வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். சாக்கை இறக்கி வைத்தேன். ஒத்திகை பார்த்த எல்லாம் மறந்துபோனது. அவர் சாக்கையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"என்ன இது?"

"நெல்."

"அது தெரியுது. இதுக்கும் கூட்டம் போட்டா முடிவெடுத்தீங்க?"

"இல்ல. நான்தான்."

அவர் ஊசியை வலையில் குத்திவைத்தார். சாக்கின் வாயைத் திறந்து ஒரு கை நெல்லை அள்ளிப் பார்த்தார். ஒன்றைப் பல்லில் வைத்துக் கடித்தார்.

"வை" என்றார். "கொப்பியில மட்டும் எழுதாத."